அம்மாவின் கழுத்து

அவர்கள் இன்னும் எழுந்திருக்கவில்லை. எழுந்திருந்தால் நாற்காலிகள் சொல்லியிருக்கும். மாமா எதிர்வீட்டிலிருந்து வாங்கி வந்து போட்ட இரும்பு மடக்கு நாற்காலிகள், ஒவ்வொன்றும் ஒவ்வொரு குரலில் கிறீச்சிடும். நான் உள்ளறையில் கட்டிலின் ஓரத்தில் புடவை கசங்காமல் உட்கார்ந்திருக்கிறேன். கூடத்துக்கும் எனக்கும் நடுவில் ஒரு திரைச்சீலைதான். அப்பாவே தைத்தது. அடியில் ஒரு சாண் குறைவாகப் போய்விட்டதால் அதன் கீழே அவர்களுடைய கால்கள் தெரிகின்றன: மாப்பிள்ளையின் அப்பாவுடைய வெடித்த குதிகால், மாப்பிள்ளையின் அத்தையுடைய மெட்டி போட்ட விரல்கள், அவருடைய கால், அதாவது முரளிதரன் என்கிறவருடைய கால். பெருவிரலால் தரையை அழுத்தி அழுத்தி எடுத்துக்கொண்டிருக்கிறார். அவருக்கும் பயமாக இருக்கிறது என்று நினைத்துக்கொள்ள எனக்குப் பிடித்திருக்கிறது. காபி கொடுத்தாயிற்று. வணக்கம் சொல்லியாயிற்று. என்ன படித்தாய் என்று கேட்டாயிற்று, பி.எஸ்ஸி. கணிதம் என்று சொல்லியாயிற்று, வீட்டில் முதல் பட்டதாரி இவள்தான் என்று மாமா இரண்டு முறை சொல்லியாயிற்று. அத்தைக்கு என்னைப் பிடித்துவிட்டது, அதையும் வாய்விட்டுச் சொல்லிவிட்டாள். இனி ஒன்றே ஒன்றுதான் பாக்கி. கிளம்பும்போது அம்மா குங்குமத் தட்டை நீட்ட வேண்டும். அத்தை எடுத்துத் தன் நெற்றியில் வைத்துக்கொள்வாள், தாலியை வெளியே எடுத்து அதில் வைத்துக்கொள்வாள். அதோடு விட்டுவிட்டால் போதும். ஆனால் சில பெண்கள் அதோடு விடுவதில்லை. தட்டு நீட்டுகிறவளுக்கும் நெற்றியில் வைத்து, அவள் தாலியையும் உரிமையோடு எடுத்து ஒற்றிவிடுவார்கள். அது மரியாதை. இந்த அத்தை எந்த வகை? மெட்டியைப் பார்த்தால் உரிமை எடுத்துக்கொள்கிற வகை என்று தோன்றுகிறது. மெட்டியை வைத்து அப்படியெல்லாம் சொல்ல முடியுமா? முடியாது. முடியாது என்று தெரிந்தும் அந்தக் கால்விரலையே பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

அம்மாவுக்குத் தாலி கிடையாது. அறுபத்தெட்டில் சீர்திருத்தத் திருமணம் செய்துகொண்டவர்கள் அம்மாவும் அப்பாவும். இது தொண்ணூற்று மூன்று. இத்தனை வருஷமும் அந்தக் கழுத்து வெறுமையாகத்தான் இருந்தது. இன்று காலைவரை. இன்று காலையில் நான் போட்டுவிட்டதுதான் இப்போது புடவைக்குள் கிடக்கிறது, கவரிங் சங்கிலியில் கோத்த ஒரு தாலி. துறையூரில் வாங்கினால் யாராவது பார்த்துவிடுவார்கள் என்று திருச்சிக்குப் போய், பஜாரில் ஒரு கவரிங் கடையில், பள்ளிக்கூடத்தில் நாள் முழுக்கக் கணக்கு சொல்லிக்கொடுத்த களைப்போடு வாங்கினேன். தாலி என்று வாயைத் திறந்து கேட்க எனக்கு வரவில்லை. கண்ணாடிப் பெட்டிக்குள் வரிசை வரிசையாக இருந்தன. "எந்த மாதிரிம்மா வேணும் உங்களுக்கு?" என்று கடைக்காரர் கேட்டார். நான் விலையைத்தான் கேட்கிறார் என்று நினைத்தேன். சின்னதாக, கண்ணை உறுத்தாததாக இருந்த ஒன்றைக் காட்டினேன். "இதுவா? பாத்துத்தானே எடுக்கிறீங்க?" என்றார். "பாத்துத்தான்" என்றேன். ஏன் அப்படிக் கேட்டார்? அப்போது தோன்றவில்லை. இப்போது ஏன் தோன்றுகிறது? மாமா கூடத்தில் சிரிக்கிறார், அவசியமில்லாத இடத்தில், அவசியத்துக்கு மேல். "மாப்ள ஒரு காலத்துல பெரிய பேச்சாளர், தெரியுமில்ல? இப்ப தையல் மிஷினோட மட்டும்தான் பேச்சு." மாப்ள என்றால் இங்கே அப்பா. அப்பா ஏதாவது சொல்லிவிடக் கூடாதே. பழைய கதை எதையும் எடுத்துவிடாதீர்கள் என்று மாமா நேற்றே கெஞ்சிவிட்டுப் போனார். கல்யாணப் படத்தைக் கூடத்துச் சுவரிலிருந்து இறக்கி என் கட்டிலுக்கு அடியில் வைத்தது மாமாதான். அந்த இடத்தில் முருகன் காலண்டர் மாட்டியிருக்கிறார். காலண்டர் சின்னது. படம் இருந்த வெளிர்ச் சதுரம் சுற்றிலும் தெரிகிறது. அதை யாராவது கேட்டால்? சுவர் ஏன் இங்கே மட்டும் வெள்ளையாக இருக்கிறது என்று யாராவது கேட்பார்களா? நான் போகிற வீட்டில் கேட்பேனா? கேட்க மாட்டேன். ஆனால் பார்ப்பேன்.

அந்தப் படத்தில் அம்மாவுக்குப் பத்தொன்பது வயது. மேடையில் எடுத்தது. பின்னால் துணித்தட்டி, முன்னால் ஒலிபெருக்கி, இரண்டு பேர் கழுத்திலும் ரோஜா மாலை, அப்பாவின் மீசை மெல்லியதாக ஒரு கோடு. எனக்கு அந்தப் படத்தைவிட அதில் தெரியாமல் இருக்கிற கூட்டம்தான் வேண்டும். சின்ன வயதிலிருந்து அதைத்தான் எட்டிப் பார்க்க முயன்றிருக்கிறேன். மேடைக்கு எதிரே மண்ணில் பாய் விரித்து, பிள்ளைகளை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்த பெண்கள், சைக்கிளை நிறுத்தி அதன் மேலேயே ஏறி உட்கார்ந்திருந்த பையன்கள், வேர்க்கடலை விற்றவன். அப்பா சொல்லச் சொல்ல அத்தனை பேரும் எனக்குத் தெரிந்தவர்களாகிவிட்டார்கள். அறுபத்தேழு தேர்தல் முடிவு வந்த அன்று அப்பா தன் தையல் கடைக்கு வெளியே மேசை போட்டு ரேடியோவை வைத்தாராம். தெரு முழுக்க நின்றதாம். ஒவ்வொரு ஊர்ப் பெயர் வரும்போதும் ஒரு சத்தம். எல்லாரும் பெயரை மாற்றிக்கொண்ட காலம் அது. அப்பா கதிரேசன் கதிரவன் ஆனார், அம்மா அலமேலு அல்லி ஆனாள். படிப்பகத்தில் ஒருவர் நாளிதழைச் சத்தமாகப் படிக்க, எழுத்துத் தெரியாதவர்கள் சுற்றி உட்கார்ந்து சண்டை போட்டார்களாம், எங்கோ சென்னையில் நடந்ததற்கு இங்கே. பெண்கள் வரும் நாளில் படித்தது அம்மா. ஒரு கிரகண நாளில், அம்மா என்னைச் சுமந்துகொண்டிருந்தபோது, பெஞ்சு போட்டு நடுத்தெருவில் உட்கார வைத்துச் சோறும் முட்டையும் கொடுத்தார்கள். ஒன்றும் ஆகாது என்று தெரு பார்க்கட்டும் என்று. பிறகு மனிதன் நிலாவில் கால் வைத்த செய்தி வந்தது, நான் பிறந்தேன், வான்மதி ஆனேன். ஒன்றும் ஆகவில்லைதான். ஆனால் எல்லாவற்றுக்கும் பயப்படுகிற பெண்ணாக இருக்கிறேன். அதை அந்தக் கிரகணத்தின் கணக்கில் எழுத முடியாது.

அப்படி ஒரு காலம் இருந்ததா? உண்மையாகவே இருந்ததா, அல்லது அப்பா தைத்துத் தைத்து எனக்குப் போட்டுவிட்டதா? கல்லூரியில் என்னோடு படித்தவர்கள் வேலை, வங்கித் தேர்வு, கேபிள் டிவி என்று பேசும்போது நான் பிறப்பதற்கு முந்தைய தெரு ஒன்றில் நின்றுகொண்டிருப்பேன். அங்கே எல்லாருக்கும் நாளைக்கு ஏதோ மாறப்போகிறது என்று தெரிந்திருந்தது, அதுதான் என்னை இழுக்கிறது. இங்கே யாருக்கும் நாளைக்கு எதுவும் மாறப்போவதாகத் தெரியவில்லை, மாதச் சம்பளம் மாறினால் உண்டு. அந்தக் கல்யாணத்துக்குத் தலைமை தாங்கியவர் மேடையிலேயே அம்மாவிடம் ஒலிபெருக்கியைத் தந்து இரண்டு வார்த்தை பேசச் சொன்னாராம். அம்மா "இவரை எனக்குப் பிடிச்சிருக்கு" என்றாளாம். அவ்வளவுதான். மைதானமே சிரித்துக் கைதட்டியதாம். எனக்கு அந்தக் கைதட்டல்மேல் பொறாமை. பத்தொன்பது வயதில் அப்படிச் சொல்ல எனக்கும் வந்திருக்கும், ஒரு மைதானம் எதிரே இருந்திருந்தால். வந்திருக்குமா? எனக்குக் கடைக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்க வாய் வரவில்லை. அந்தத் தலைவர் தன் மகன் கல்யாணத்தை ஐயர் வைத்து, ஹோமம் வளர்த்து, திருச்சியில் பெரிய மண்டபத்தில் நடத்தினார். அப்பா போனார். சாப்பிட்டார். திரும்பி வந்து, "ரசம் நல்லாருந்துச்சு" என்றார். அன்று முழுக்கப் பள்ளிக்கூடச் சீருடைகளாக வெட்டித் தள்ளிக்கொண்டிருந்தார். கதைகள் எல்லாம் அப்பாவுடையவை. இதை நான் இன்று காலையில்தான் கவனித்தேன். அம்மா அந்தக் காலத்தைப் பற்றி ஒன்றும் சொன்னதே இல்லை. அப்பா போட்ட கறுப்புச் சட்டையை அப்பா எப்போதோ கழற்றிவிட்டார், வெள்ளைக்கு மாறினார், யாரும் ஏன் என்று கேட்கவில்லை. அம்மாவின் கழுத்தை மட்டும் பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்தவள் கேட்டாள், பிரசவ வார்டு ஆயா கேட்டாள், இப்போது விடுதியில் இருக்கிற தம்பி பள்ளிக்கூடத்தில் சேர்ந்தபோது டீச்சர் அப்பா இல்லையா என்று தணிந்த குரலில் கேட்டாள். அப்பாவுக்கு ஒரு நாள் மேடை. அம்மாவுக்குத் தினமும்.

எனக்கும்தான் தினமும், என்று சொல்லிக்கொள்ளத் தோன்றுகிறது. அது முழு உண்மை இல்லை. எனக்கு இரண்டு தடவை. முதலில் வந்தவர்கள் பஜ்ஜியைக் கையில் எடுத்துவிட்டு அம்மாவின் கழுத்தைப் பார்த்து, எடுத்ததை வைக்கவும் முடியாமல் தின்னவும் முடியாமல் போனார்கள். இரண்டாவது ஆட்கள் யாரிடமோ விசாரித்துவிட்டு வரவே இல்லை, நான் தலை வாரி உட்கார்ந்திருந்தேன். மூன்றாவதாக இவர்கள். மாமா கொண்டுவந்த இடம், அவருக்குத் தெரிந்தவர்கள் வழியாக வந்தது, மாப்பிள்ளை கூட்டுறவு வங்கியில் எழுத்தர். காபியை எடுக்கும்போது "டம்ளர் சுடுது, நீங்க தட்டைக் கீழ வச்சிருங்க" என்றார். யாரும் என்னிடம் அப்படிச் சொன்னதில்லை. அது சின்ன விஷயம், சின்ன விஷயத்தைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறேன், தெரிகிறது. போன வாரம் அம்மா துணி உலர்த்திக்கொண்டிருந்தபோது பின்னால் நின்று கேட்டேன். "அம்மா, அன்னிக்கு ஒரு நாள் மட்டும் போட்டுக்கிறியா?" அம்மா எதை என்று கேட்கவில்லை. கையில் இருந்த துண்டை உதறினாள். "வாங்கிட்டு வா" என்றாள். திட்டியிருந்தால் நான் வாங்கியிருக்க மாட்டேன், அது என் நம்பிக்கை. திட்டாததால் வாங்கினேன், அது நடந்தது. இன்று காலை கொக்கியை மாட்ட அவளுக்குத் தெரியவில்லை. முடியை ஒரு பக்கம் ஒதுக்கி, டாக்டரிடம் காட்டுவதுபோலக் குனிந்தாள். பின்கழுத்தில் வியர்க்குரு இருந்தது. மாட்டி முடித்துக் கையை எடுத்தேன். அப்பா செய்யாததை நான் செய்திருக்கிறேன். என் அம்மாவுக்குத் தாலி கட்டியது நான்.

நாற்காலி கிறீச்சிட்டது. ஒன்று. இன்னொன்று. எழுந்துவிட்டார்கள். "அப்ப நாங்க வரோம், மேற்கொண்டு ஆக வேண்டியதைப் பேசிக்கலாம்" என்று பெரியவர் சொல்கிறார். மேற்கொண்டு! மாமாவின் குரலில் மூச்சு வந்துவிட்டது. "அதுக்கென்னங்க, நல்ல நாளாப் பாத்து..." "நல்ல நாள்" என்றால் அப்பா ஏதாவது சொல்வார், எப்போதும் சொல்வார், எல்லா நாளும் இருபத்துநாலு மணி நேரம்தான் என்பார். சொல்லவில்லை. அவர் கத்தியிருந்தால் வந்திருக்கக்கூடிய பயத்தைவிட, அவர் சொல்லாமல் இருப்பது அதிகமாகப் பயமுறுத்துகிறது. அம்மாவின் கால்கள் வருகின்றன. தட்டு வருகிறது என்று அர்த்தம். குங்குமமும் நான் வாங்கியதுதான், இந்த வீட்டில் ஏது? "எடுத்துக்குங்க." அம்மாவின் குரல் சரியாக இருக்கிறது. அத்தை எடுக்கிறாள் போல, வளையல் சத்தம். போதும், கால்களே, திரும்புங்கள், வாசலைப் பார்த்துத் திரும்புங்கள். மெட்டி போட்ட விரல்கள் திரும்பவில்லை. அம்மாவின் கால்களுக்கு முன்னால், இன்னும் கிட்டே வந்து நிற்கின்றன. "உங்களுக்கு நான் வச்சு விடுறேங்க்கா, இருங்க." நெற்றி. அது நெற்றி. இப்போது நெற்றியில் வைக்கிறாள். பிறகு புடவைக்குள்ளிருந்து சங்கிலி வெளியே வரும் மெல்லிய சத்தம்.

"என்னங்க்கா இது?" என்றாள் அத்தை.

அவள் வளையல் மறுபடி சத்தம் போட்டது, திருப்பிப் பார்க்கிறாள்.

"இது நம்ம ஆளுங்க போடுறது இல்லையே. இது அவுங்க போடுறதாச்சே." அவுங்க என்று எந்தச் சாதிக்காரர்களைச் சொன்னாள் என்று எனக்குத் தெரியவில்லை, ஆனால் அந்தக் கூடத்தில் எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. கடைக்காரர் கேட்டது அதுதான். எந்த மாதிரி என்றால் எந்த ஆட்கள் என்று அர்த்தம். ஒவ்வொரு சாதிக்கும் தாலி வேறு வேறாக இருக்கும் என்று இந்த வீட்டில் யார் எனக்குச் சொல்லியிருக்கிறார்கள்? அல்லிக்கும் கதிரவனுக்கும் பிறந்தவளுக்கு அது எப்படித் தெரியும்? சாதி தெரியாமல் வளர்த்தேன் என்று அப்பா பெருமையாகச் சொல்வார். வளர்த்துவிட்டார். நான் போய் இன்னொரு சாதியைக் காசு கொடுத்து வாங்கி அம்மா கழுத்தில் மாட்டியிருக்கிறேன்.

"கடையில மாத்திக் குடுத்துட்டான்மா" என்றார் மாமா.

"தாலியவா? தாலிய யாருண்ணே கடையில மாத்திக் குடுப்பா?" அத்தையின் குரல் கோபமாகக்கூட இல்லை, புரியாத குரல். "என்ன, கையில எடுத்தா கனமே இல்ல. கவரிங்கு. அக்கா, நீங்க எந்த ஊரு? உங்க அம்மா அப்பா யாரு? மறைக்காமச் சொல்லுங்க."

மறைக்காமல் சொல்லுங்கள் என்று அம்மாவைக் கேட்கிறாள். எதையும் மறைக்காத ஒரே ஆளை. அம்மா இப்போதும் ஒன்றும் சொல்லவில்லை, ஏன் என்று எனக்குத் தெரிந்துவிட்டது, அவள் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. ஒரு வார்த்தையில் முடித்துவிடலாம், என் மகள் வாங்கினாள் என்று. சொல்லாமல் நின்று அவர்கள் பார்வையெல்லாம் அவள் கழுத்தில் விழ விட்டுக்கொண்டிருக்கிறாள். நான் இங்கேயே இருக்கலாம். மாமா இன்னொரு பொய் சொல்வார், அது கொஞ்ச தூரம் ஓடும், ஒருவேளை வாசல்வரை ஓடும். நான் எழுந்திருக்க வேண்டாம். எழுந்திருந்தால் புடவை சத்தம் போடும். சத்தம் போட்டுவிட்டது. திரைச்சீலை முகத்தில் உரசிப் பின்னால் போனது. கூடம் நான் நினைத்ததைவிடச் சின்னது. எல்லாரும் மிகக் கிட்டத்தில் இருந்தார்கள்.

"நான் வாங்கினதுங்க" என்றேன். "அம்மாவுக்குத் தாலி கிடையாது. அவங்க சீர்திருத்தக் கல்யாணம் பண்ணிக்கிட்டவங்க. நீங்க போயிடுவீங்கன்னு பயந்து நான்தான் போடச் சொன்னேன். எதுன்னு தெரியாம எடுத்துட்டேன்."

"வானு, உள்ள போ" என்றார் மாமா.

அம்மா தட்டைப் பெஞ்சின்மேல் வைத்தாள். இரண்டு கைகளையும் பின்கழுத்துக்குக் கொண்டுபோனாள். கொக்கியை மாட்டத்தான் தெரியவில்லை, கழற்றத் தெரிந்திருந்தது. சங்கிலியை உருவி எடுத்தாள், கண்ணாடியைக் கழற்றுவதுபோல. அத்தை இரண்டு அடி பின்னால் போய்விட்டாள். "ஐயையோ! புருசன் குத்துக்கல்லாட்டம் உக்காந்திருக்க, அவரு முன்னாடியே..."

"இருக்கேம்மா" என்றார் அப்பா. "நல்லாத்தான் இருக்கேன். சுகர் மட்டும் கொஞ்சம்."

முரளிதரனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சத்தமாகச் சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார். பெரியவர் அவரைத் திரும்பிப் பார்த்தார். வேறு ஒருவரும் சிரிக்கவில்லை. மாமா தலையில் கைவைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அத்தை அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள், கழுத்தை அல்ல, முகத்தை. அவளுக்கும் அம்மா வயதுதான் இருக்கும். அவளும் ஏதோ ஒரு கூட்டத்தில் பாயில் உட்கார்ந்து கேட்டவளாகக்கூட இருக்கலாம், அதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்? பிறகு கேட்டாள், குரலை இறக்கி, ஆண்கள் இல்லாத இடத்தில் கேட்பதுபோல. "இத்தனை வருசமா இப்படியே இருந்தீங்களே. ஒண்ணும் ஆகலையா?"

அம்மா யோசித்தாள். அப்பாவாக இருந்தால் உடனே பதில் வந்திருக்கும், கைதட்டல் வருகிற இடம் பார்த்து. அம்மா உண்மையாகவே யோசித்தாள்.

"என்ன ஆகணும்? கேப்பாங்க. பஸ்சுல கேப்பாங்க, கல்யாண வீட்டுல கேப்பாங்க. பழகிப்போச்சு. வெளியிலதான் கேப்பாங்க, வீட்டுக்குள்ள வந்துட்டா ஒண்ணுமில்ல." சங்கிலியை உள்ளங்கையில் சுருட்டிக்கொண்டாள். என்னைப் பார்க்கவில்லை. "வீட்டுக்குள்ள கேட்டது போன வாரந்தான்."

திட்டுவாள் என்று ஒரு வாரம் காத்திருந்தேன். இப்படி வரும் என்று நினைக்கவில்லை, இவ்வளவு மெதுவாக, வேறு ஒருத்திக்குப் பதில் சொல்வதுபோல. அப்பா தலையைக் குனிந்துகொண்டார். நான் கேட்டுத்தான் அவள் போட்டாள் என்பது அவருக்கு இதுவரை தெரிந்திருக்கவில்லை. தானே ஆசைப்பட்டுப் போட்டுக்கொள்வதாக அம்மா அவரிடம் சொல்லியிருக்க வேண்டும். எனக்காக அதையும் சொல்லியிருக்கிறாள்.

"சரி, அது உங்க காலம். என்னவோ பண்ணுனீங்க" என்றாள் அத்தை. என் பக்கம் திரும்பினாள். "நீ சொல்லு. எங்க வீட்டுப் பையன் கட்டுனா உனக்குத் தாலி வேணுமா, வேண்டாமா?"

நியாயமான கேள்வி. இத்தனை வருஷத்தில் யாரும் என்னைக் கேட்டதில்லை, நானும் கேட்டுக்கொண்டதில்லை. அவர்கள் மேடை ஏறியதை நினைத்து நினைத்து ஏங்கினேனே தவிர, என் கழுத்தில் என்ன இருக்கும் என்று ஒரு நாள்கூட நினைத்ததில்லை. வேண்டும் என்று சொன்னால் என்ன? நிறையப் பேர் கட்டிக்கொள்கிறார்கள், நன்றாகத்தான் இருக்கிறார்கள். முதலில் வந்த இடம் போயிற்று, இரண்டாவது போயிற்று. இது போனால் மாமா இன்னொரு இடம் கொண்டுவர மாட்டார். முரளிதரன் நிமிர்ந்து என்னைப் பார்த்தார், முகத்தில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை, அல்லது எனக்குப் படிக்கத் தெரியவில்லை. அம்மா தட்டில் சிந்தியிருந்த குங்குமத்தை விரலால் ஒதுக்கிக்கொண்டிருந்தாள். எனக்காக அவள் எந்தப் பதிலையும் வைத்திருக்கவில்லை. எனக்கு எதிரே ஒரு மைதானம் இல்லை. மடக்கு நாற்காலிகளும், ஆறிய காபியும், என்னைச் சேர்த்து ஏழு பேரும்தான்.

"வேண்டாங்க" என்றேன்.

மின்விசிறிச் சத்தத்தில் அத்தைக்குக் கேட்கவில்லை. காதைச் சாய்த்து, "என்ன?" என்றாள்.

முதல் தடவை வாயிலிருந்து தானாக வந்துவிட்டது. இரண்டாம் தடவை சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது. சொன்னேன்.